உள்ளங்கைச் சீனி

தேயிலைத் தொழிற்சாலையில் வேலை செய்யும் என் கணவர் பொய் சொல்ல மாட்டார். கிளினிக்கில் நர்ஸ் மிஸ்ஸி, "தேத்தண்ணிக்கு சீனி போடுறீங்களா?" என்று கேட்டால், "ஒரு சிட்டிகைகூடப் போடுறதில்லீங்க" என்பார், நெஞ்சை நிமிர்த்தி. உண்மைதான். எங்கள் பக்கத்து வழக்கப்படி சீனியை உள்ளங்கையில் கொட்டிக்கொண்டு ஒரு நக்கு, ஒரு மிடறு என்று பிளேன்டீ குடிக்கிற மனுசன் கோப்பையில் எதற்குப் போட வேண்டும்?

இரத்தத்தில் மட்டும் சீனி ஏறிக்கொண்டே போனது. காலில் அட்டை கடித்த இடம் ஆறாமல் கிடந்தது. எனக்குள் பயம். வாயைத் திறந்தால், "சீனி பாக்குற மெஷின் பிழை" என்பார்.

அப்போதுதான் தரம் பத்தில் படிக்கும் மகளுக்கு எளிய சீனிகள் பற்றிய பாடம் வந்தது. நான் தோட்டப் பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பிக்கிறவள். அவர் சாயங்காலத் தேநீரோடு உட்காரும் நேரம் பார்த்து, அவர் காதில் விழுகிற மாதிரிப் பாடத்தைத் தொடங்கினேன்.

"குளுக்கோசு, பிரற்றோசு எல்லாம் தனித்தனியா நிக்கும். ரெண்டும் கை கோத்தா சுக்குரோசு. நம்ம வீட்டுச் சீனி அதுதான்."

"கோத்தபடியே ரத்தத்துக்குப் போகுமாம்மா?"

"காலையில ஹட்டன் பஸ்ஸுல கை கோத்துக்கிட்டு ஏற முடியுமா? விட்டுட்டு ஒவ்வொருத்தராத்தான் ஏறணும். குடல்லயும் அப்படித்தான்."

அவர் நக்குவதை நிறுத்தினார். "அப்ப கைய விடாட்டி பஸ் போயிரும். ரத்தத்துல ஏறாதுல்ல?" சட்டத்தில் ஓட்டை கண்டுபிடித்த முகம்.

"கண்டக்டர் பிரிச்சு ஏத்திருவாருப்பா" என்றாள் மகள். "நொதியம்னு பேரு. கோப்பையில இருந்து வந்தியா, கையில இருந்து வந்தியான்னு அவரு கேக்கவே மாட்டாரு."

"தேன்?" என்றார் அவர்.

"அதுல முக்காவாசிப் பேரு கைய விட்டுட்டுத்தான் நிக்கிறாங்க. நேரா ஏறிருவாங்க" என்றேன். எனக்கு ஒரே குஷி.

மகள் சிரிக்கவில்லை. அவர் காலையே பார்த்துக்கொண்டிருந்தாள். "இது ஆறாட்டி கால எடுத்துருவாங்களாப்பா?"

நான் அவளுக்கு அதைச் சொல்லிக் கொடுக்கவில்லை. என் குஷி அதோடு போய்விட்டது. அவர் கையை வாசலுக்கு வெளியே நீட்டி உதறினார். ஈரச் சீனி ஒட்டிக்கொண்டிருந்தது; உடுத்தியிருந்த சாரத்தில் துடைத்தார். பிறகு கோப்பையை எடுத்து ஒரு மிடறு குடித்தார். முகம் கோணியது.

"இத்தன வருஷமா இதையா அரைச்சுக்கிட்டு இருந்தேன்? இந்தக் கசப்புக்கா வெள்ளக்காரன் காசு குடுக்குறான்?"

மகள் இப்போதுதான் சிரித்தாள். எனக்குத்தான் அழுகை வந்தது.

"மிச்சத்தையும் குடிங்க" என்றேன்.

குடித்தார்.