வாசலில் மாட்டிய போர்டு

எழுபதுகளின் கடைசியில் நடந்தது இது. அப்போது போடிக்குப் பக்கத்தில் சிலமலையில் குடியிருந்தோம். விடியுமுன்னே ஜீப்பில் ஏறி மலைக்கு ஏலக்காய் எடுக்கப் போவேன். என் வீட்டுக்காரர் நல்ல மனுசர்தான், ஆனால் குடித்தால் கை நீட்டுவார். யாராவது என் முகத்தைப் பார்த்துக் கேட்டால், மலையில் வழுக்கி விழுந்துட்டேன் என்பேன். எங்கள் தெருவில் பாதிப் பெண்களுக்கு இதுதான் பதில்.

ஒரு பங்குனியில், பெண்களுக்கு மாதர் சங்கம் ஆரம்பிக்க பஞ்சாயத்து யூனியன் ஆபீசில் இருந்து கிராம சேவிகா அம்மா வந்தார். வீங்கிய என் கண்ணைப் பார்த்தார். வழக்கம்போலச் சொன்னேன்.

"காய் எடுப்பு முடிஞ்சு மாசமாச்சே, எந்த மலையிலம்மா வழுக்குன?" என்றார் மெதுவாக.

முந்தானையை இழுத்துக் கண்ணை மறைத்துக்கொண்டேன். அவரும் மேலே கேட்கவில்லை.

மறுவாரம் நேராக என் வீட்டுக்காரரிடம் போய், சங்கக் கூட்டம் நடத்த உங்கள் வீடுதான் தோதாக இருக்கிறது, அரசாங்க போர்டை வாசலில் மாட்டலாமா என்று கேட்டார். இவருக்கு ஒரே பெருமை. தானே ஆணி அடித்தார். "மாப்ளே, இனி மனுக் குடுத்தாத்தான் ஒனக்குச் சோறு" என்று டீக்கடையில் கேலி பண்ணினார்களாம். அதையும் சிரித்துக்கொண்டே வந்து சொன்னார்.

கொஞ்ச நாள் சும்மா இருந்தார். ஒரு சாயங்காலம் குடித்துவிட்டு வந்து, குழம்பில் உப்பில்லை என்று சட்டியை வீசினார். நான் சுவரோடு ஒண்டினேன். அப்போது பக்கத்து வீட்டு அக்கா ஈரக்கையை முந்தானையில் துடைத்தபடி உள்ளே வந்து உட்கார்ந்தார். அவர் பின்னாலேயே, இடுப்புப் பிள்ளையோடு ஒருத்தி, மாவுக்கையோடு ஒருத்தி என்று வீடு நிறைந்துவிட்டது.

"இன்னைக்குக் கூட்டம் இல்லையே," என்றார் இவர்.

"வந்தது வந்துட்டோம் தம்பி, இருந்துட்டுப் போறோம். நீங்க ஒங்க சோலியப் பாருங்க," என்றார் அக்கா.

யாரும் அவரைத் திட்டவில்லை. கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு வெளியே போய்விட்டார். சத்தம் கேட்டால் போய் உட்காருங்கள், அது போதும் என்று சேவிகா அம்மா எல்லோரிடமும் சொல்லி வைத்திருந்தது எனக்குப் பிறகுதான் தெரியும்.

அதற்கப்புறமும் ஒரு தடவை கையை ஓங்கினார். வாசலைப் பார்த்தார், இறக்கிவிட்டார். அதோடு சரி. பிறகு மற்ற வீடுகளுக்கும் நாங்கள் போனோம்.

நாலு பேர் முன்னால் பேச எனக்கு இன்றைக்கும் வராது. ஆனால் எந்த வீட்டிலாவது சத்தம் கேட்டால், கைவேலையைப் போட்டுவிட்டு வெரசாகப் போய் உட்கார்ந்துவிடுவேன். பேசத் தெரியாதவளாலும் செய்ய முடிகிற உதவி அது என்று என் வீட்டிலேதானே கற்றுக்கொண்டேன்.