ஐந்து ஊர்க் கடலும் ஒரு பிடி எள்ளும்

ரொறன்ரோவிலிருந்து கிரேக்கக் கடற்கரையைப் பார்க்கப் போன எங்கள் குழுவில் இருபத்திரண்டு பேர். ஒரே நாளில் ஐந்து கிராமங்கள், ஒவ்வொன்றிலும் நாற்பது நிமிடம். குழுவுக்குப் பொறுப்பாகப் போன நான் புறப்படும்போதெல்லாம் தலைகளை எண்ணினேன், இருபத்தொன்றுதான் வந்தது. ரொறன்ரோவுக்குப் பக்கத்து ஊரான விட்பியில் இருந்து வந்த நரைத்த தாடிக்காரர்தான் குறைவார். மற்றவர்கள் வெள்ளை வீடுகளைப் படமெடுக்க, அவர் காற்சட்டையை மடித்துக்கொண்டு முழங்கால் அளவு தண்ணீரில், வலது கையைப் பொத்தியபடி நிற்பார்.

நான்காவது ஊரில் பொறுக்க முடியாமல் அவரிடம் போனேன்.

"பஸ் வெளிக்கிடப் போகுது. கைக்குள்ள என்ன வச்சிருக்கிறீர்?"

"எள்ளு, அண்ணை. அகதியா வரேக்க வள்ளம் பிரண்டு, தம்பி உந்தக் கடல்லதான் காணாமல் போனவன். எந்த ஊருக்குக் கிட்ட எண்டு தெரியேல்லை."

"அப்ப எல்லா ஊரிலயும் எள்ளும் தண்ணியும் இறைச்சுப்போட்டு வாருமன். நேரம் போகுது."

"இறைச்சால் அவன் செத்திட்டான் எண்டு நானே சொன்ன மாதிரியெல்லே?"

ஐந்தாவது ஊரில் டிரைவர் ஹோர்ன் அடித்தபோது, கதவை மூட முடியாதபடி நான் படியிலேயே நின்றுகொண்டேன். பன்னிரண்டு நிமிடம் பிந்தி, பொத்திய கையோடுதான் அவர் வந்து ஏறினார். அந்த எள்ளை விட்பிக்குக் கொண்டுபோய் என்ன செய்திருப்பார் என்று இன்றும் யோசிக்கிறேன்.