தாராவியிலிருந்து நெருளுக்கு ஒரு மூட்டை பிளாஸ்டிக்

ஞாயிறு காலை 7.10. தாராவியில் பேச்சியக்கா வேலை பார்க்கும் பட்டறை வாசலிலிருந்து கிளம்பினோம். என் கையில் போன், அவள் தலையில் மூட்டை. மூட்டைக்குள் உடைந்த பக்கெட், ஷாம்பு பாட்டில், நாற்காலிக் கால் என்று இருபது துண்டுகள். போக வேண்டிய இடம் நெருளில் ஒரு கல்லூரி. பருவநிலை மாற்றத்துக்குத் தீர்வு சொல்லும் மென்பொருள்களுக்காக உலக அளவில் ஒரு போட்டி நடக்கிறது. அதன் மும்பைச் சுற்று அங்கே. அதில் தேறினால்தான் நாங்கள் எழுதிய நிரல் உலகச் சுற்றுக்குப் போகும்.

தாராவி என்றதும் சாக்கடையைப் பற்றி எழுதுவேன் என்று எதிர்பார்ப்பவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். அதை எழுத வெளியாட்கள் நிறையப் பேர் வருகிறார்கள். நான் இங்கே பிறந்தவள். செம்பூரில் ஒரு அலுவலகத்தில் கம்ப்யூட்டர் வேலை. பேச்சியக்கா சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து கல்யாணமாகி வந்தவள். பழைய பிளாஸ்டிக்கை வகை பிரிக்கிறாள். கையிலுள்ள போல்ட்டால் ஒரு தட்டு தட்டி, ஓசையை வைத்தே இது பி.பி., இது எச்.டி. என்று பிளாஸ்டிக்கின் வகையைச் சொல்லிவிடுவாள். வகை மாறிக் கலந்தால் உருக்கியது மொத்தமும் வீண். அதை எங்காவது கொண்டுபோய் எரிப்பார்கள், புகை எல்லாம் வானத்துக்கு. அவள் காதுக்குத் தெரிந்ததை போனுக்குக் கற்றுக் கொடுப்பதுதான் எங்கள் நிரல். ஐந்து மாதம் பட்டறையில் உட்கார்ந்து, அவள் தட்டத் தட்ட நான் பதிவு செய்தேன்.

சயான் ஸ்டேஷனுக்குப் பதினைந்து நிமிட நடை. நெருள் வரை இரண்டாம் வகுப்பு டிக்கெட் ஆளுக்குப் பதினைந்து ரூபாய். தூரம் இருபது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல். குர்லாவில் இறங்கி, பன்வேல் வண்டியில் பெண்கள் பெட்டியில் ஏறினோம். எதிரே உட்கார்ந்திருந்த அம்மாவுக்கு மாட்டுங்காவில் வீடு. சான்பாடாவில் இருக்கும் மகளைப் பார்க்கப் போகிறார். நாங்கள் தமிழ் என்று தெரிந்ததும் அதட்டும் உரிமை வந்துவிட்டது.

"குப்பையை எதுக்கும்மா லேடீஸ் டப்பாவுல ஏத்துறீங்க?"

"குப்பையில்ல, பரீட்சைக்குக் கொண்டு போறோம்" என்றாள் பேச்சியக்கா. "ஒங்க டிபன் டப்பாவக் குடுங்க, என்ன சரக்குன்னு சொல்லுதேன்."

அவர் தரவில்லை. மான்குர்து தாண்டி, வாஷி பாலத்தின் மேல் வண்டி தடதடவென்று ஓடும்போது அவராகவே நீட்டினார். அக்கா போல்ட்டால் தட்டிவிட்டு, மூடி ஒரு வகை, அடிப்பாகம் வேறு வகை, ரெண்டும் மட்டம் என்றாள். எழுநூறு ரூபாய் கொடுத்து வாங்கியதாம். அந்த அம்மா டப்பாவை வாங்கிப் பைக்குள் போட்டுக்கொண்டார். சான்பாடாவில் இறங்கும்போது, ஜெயித்து வாருங்கள் என்றார்.

8.40, நெருள். ஆட்டோக்காரர் மூட்டைக்குத் தனியாகப் பத்து ரூபாய் கேட்டார். மூட்டை என்னைவிட எடை குறைவு, மீட்டரைப் போடு என்றேன். முப்பது ரூபாய் ஆனது.

கல்லூரி வாசலில் கழுத்தில் மாட்ட அட்டை கொடுத்தார்கள். என் அட்டையில் 'போட்டியாளர்'. அக்காவின் அட்டையில் ஆங்கிலத்தில் 'பயனாளி'. அப்படியென்றால் என்ன என்று கேட்டாள். உதவி வாங்குகிறவர் என்றேன்.

"ஏட்டி, நான் எவன்ட்ட வாங்குனேன்?"

பேனாவால் அடித்துவிட்டு 'போட்டியாளர்' என்று எழுதிக் கொடுத்தேன்.

11.20. எங்கள் முறை வந்தது. ஏசி அரங்கம், தரை முழுக்கக் கம்பளம், மூன்று நடுவர்கள், பத்து நிமிடம். அக்கா பக்கெட்டைத் தட்டினாள். போன் தப்பாகச் சொன்னது. ஷாம்பு பாட்டிலுக்கும் தப்பு. ஐந்து துண்டு, ஐந்தும் தப்பு. பட்டறையில் ஒருநாளும் இப்படி ஆனதில்லை. ஒரு நடுவர் ரொம்பக் கனிவாக, நிரலை விடுங்கள், உங்கள் பகுதியின் வாழ்க்கையைப் பற்றிச் சொல்லுங்கள், எல்லோர் மனதையும் தொடும் என்றார். அந்தக் கனிவுக்கு அவர் என்னைத் திட்டியிருக்கலாம். கதை சொல்ல நான் வரவில்லை என்றேன்.

பேச்சியக்கா சுற்றிலும் பார்த்தாள். "ஏட்டி, இங்க சத்தமே இல்லியே."

அப்போதுதான் புரிந்தது. நாங்கள் பதிவு செய்த ஐந்து மாதமும் பக்கத்தில் பிளாஸ்டிக்கை நொறுக்கும் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. அதை ஒரு சத்தமாகவே நாங்கள் இரண்டு பேரும் நினைக்கவில்லை. வெளியிலிருந்து காலேஜ் பிள்ளை எவளாவது வந்திருந்தால் முதல் நாளே, இது என்ன சத்தம் என்று கேட்டிருப்பாள். மெஷின் சத்தமும் அக்கா தட்டும் சத்தமும் சேர்ந்த ஓசையைத்தான் போன் படித்திருக்கிறது. இந்த அமைதியில் அதற்கு ஒன்றும் தெரியவில்லை.

பின்சுவருக்கு அந்தப் பக்கம் கேன்டீன், வரும்போது அங்கே மிக்ஸி ஓடிக்கொண்டிருந்தது. அங்கே வாருங்கள் என்றேன். அரங்கத்தில்தான் காட்ட வேண்டும் என்றார் கனிவானவர். விதியில் அப்படி இல்லை, பத்து நிமிடம் என்றுதான் இருக்கிறது, நாலு நிமிடம் பாக்கி என்றேன். நடுவர்களில் ஒரே பெண்மணி முதலில் எழுந்தார். மற்ற இருவரும் வர வேண்டியதாயிற்று.

கேன்டீன்காரர் பாலக்காட்டுக்காரர். சட்னி அரைத்து முடித்திருந்தார். மறுபடி ஓட்டுங்கள் என்று கெஞ்சவில்லை, சொன்னேன். காலி ஜாரை ஓட்டினால் மோட்டார் போய்விடும் என்று கடலைப்பருப்பை அள்ளிப் போட்டார். அந்த இரைச்சலில் அக்கா தட்டினாள், போன் சொன்னது. இருபதில் பதினெட்டுக்கு அவள் சொன்னதும் போன் சொன்னதும் ஒன்று. மீதி இரண்டில் இவள் சொல்வதுதான் சரி என்று எப்படி நம்புவது என்றார் கனிவானவர். அக்கா அந்த இரண்டில் ஒரு துண்டின் ஓரத்தை அடுப்பில் காட்டி, அவர் மூக்குக்குக் கீழே நீட்டினாள். மெழுகுவத்தி நாற்றம். அப்படியென்றால் எச்.டி., அவள் சொன்னதேதான். அவர் இருமிக்கொண்டே எழுதிக்கொண்டார்.

2.15. தேறிவிட்டோம். மாலை ஆறு மணிக்குள் உலகச் சுற்றின் படிவத்தை நிரப்பி அனுப்ப வேண்டும். குறைகள் என்ற கட்டத்தில் பார்த்து எழுதுங்கள், 'இரைச்சலான சூழலுக்கென்றே வடிவமைக்கப்பட்டது' என்று போடலாம், பேச்சியம்மாளின் பெயரை நன்றிப் பகுதியில் சேர்க்கலாம் என்று நடுவர்கள் யோசனை சொன்னார்கள்.

நெருள் நல்ல ஊர். அகலமான ரோடு, நிறைய மரம். ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்தால் இலை விழுவது கேட்கிறது. இந்த மாதிரி ஓர் இடத்தில் எல்லாவற்றையும் மறுபடி பதிவு செய்யலாமா என்று அக்காவிடம் கேட்டேன்.

"மெஷின் ஓடுற எடத்துலதான வேல. அவுங்கள அங்க வரச் சொல்லு."

திரும்பும் வண்டியில் படிவத்தை நிரப்பினேன். குழு உறுப்பினர்கள்: இரண்டு பெயர். குறை: அமைதியான இடத்தில் தப்பாகச் சொல்லும். சோதித்த இடம்: பிளாஸ்டிக் பட்டறை, மிக்ஸி ஓடும் கேன்டீன். வேறு ஏதாவது சொல்ல வேண்டுமா என்று கடைசியில் ஒரு கட்டம் இருந்தது. சந்தேகம் இருப்பவர்கள் சயான் ஸ்டேஷனில் இறங்கவும், பதினைந்து நிமிட நடை என்று எழுதி, குர்லா வருவதற்குள் அனுப்பிவிட்டேன்.