செல்வமணி டீச்சர் போகாத தீவு

செல்வமணி டீச்சர் யாரையும் மன்னித்ததாக எனக்கு நினைவில்லை. ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போவார், முழங்காலில் நின்று ஜெபம் பண்ணுவார். அதெல்லாம் வேறு. ஏழாயிரம்பண்ணையில் நானும் பாடம் நடத்திய பள்ளிக்கூடத்தில் பதினாறு வருஷமாகச் சரித்திரம் நடத்தியவர், ஒரு பழைய பௌத்த விகாரையைக்கூடக் கண்ணால் பார்த்ததில்லை. அது அவருக்குத் தீராத குறை.

1968 பொங்கல் விடுமுறைக்கு ஆசிரியர்கள் ஆந்திராவுக்குச் சுற்றுலா போவதென்று முடிவானது. கிருஷ்ணா ஆற்றில் அணை கட்டியபின் நாகார்ஜுனகொண்டா தீவாகிவிட்டது. லாஞ்ச் என்கிற மோட்டார் படகில் போனால் ஆயிரத்தறுநூறு வருஷத்துக்கு முந்தைய பௌத்தச் சிற்பங்களைப் பார்க்கலாம். யோசனை டீச்சருடையது. லாஞ்ச் ஆபீசுக்கு இங்கிலீஷில் எழுதி இடம் பிடித்ததும் அவர்தான். இரண்டு மாதம் அந்தத் தீவைத் தவிர வேறு பேச்சே இல்லை, எங்களுக்குக் காது புளித்துப்போனது.

புறப்பட நாலு நாள் இருக்கும்போது ஹெட்மாஸ்டர் தேவாசீர்வாதம் டீச்சர் பெயரை அடித்துவிட்டுத் தன் மச்சினன் ஜேசுதாசன் பெயரை எழுதினார். மச்சினனுக்குச் சாத்தூரில் அரிசிக்கடை. புத்தர் என்றால் எந்த ஊர்க்காரர் என்று கேட்கிற ஆள்.

"கல்யாணமாகாத பொம்பள அம்புட்டுத் தூரம் வந்தா ஊரு நாலு விதமாப் பேசும், டீச்சர். ஒங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்," என்றார் ஹெட்மாஸ்டர்.

"சரி, சார்," என்றார் டீச்சர். அவர் அவ்வளவு சீக்கிரம் சரி சொல்லி நான் கேட்டதில்லை.

மறுநாள் லாஞ்ச் ஆபீசிலிருந்து ஒரு தாள் வந்தது. படகில் வெடி, பட்டாசு எதுவும் ஏற்றக் கூடாது. தங்களிடம் இல்லை என்று குழுத் தலைவர் கையெழுத்திட்டுக் கொண்டுவர வேண்டும். டீச்சர் விரல் வைத்த இடத்தில் ஹெட்மாஸ்டர் படிக்காமல் கையெழுத்துப் போட்டார். இங்கிலீஷ் தாள் எதுவானாலும் அவர் வழக்கம் அதுதான்.

எங்கள் பக்கத்து ஆட்கள் வெளியூருக்கு வெறுங்கையோடு போவதில்லை. கல்யாணமோ கோர்ட்டோ, கையில் ஒரு பட்டாசுக் கட்டு இருக்கும். அதிலேயே புழங்குகிறவர்களுக்கு அது ஆபத்தாகவே தோன்றாது. லாஞ்ச்காரர்களுக்கு என்ன கொண்டுபோகலாம் என்று ஹெட்மாஸ்டர் கேட்டார். டீச்சர் நோட்டுத் திருத்திக்கொண்டே, "சிவகாசிப் பக்கமிருந்து போறீக. பட்டாசு இல்லாமலா, சார்?" என்றார்.

படகுத்துறையில் மூட்டையை அவிழ்க்கச் சொன்னார்கள். ஜேசுதாசன் பெருமையாக அவிழ்த்தார். சரம், அணுகுண்டு, பூச்சட்டி. காவல்காரர் ஹெட்மாஸ்டர் கையெழுத்திட்ட தாளை அவர் மூக்குக்கு நேரே பிடித்தார். பொய்யாக எழுதிக் கொடுத்ததற்காக அத்தானையும் மச்சினனையும் போலீஸ் கொட்டகையில் உட்காரவைத்துவிட்டு, எங்கள் பைகளைச் சோதித்து எங்களை மட்டும் ஏற்றிக்கொண்டார்கள். லாஞ்ச் நகர்ந்தபோது ஹெட்மாஸ்டர் கையை ஆட்டிக் கூப்பிட்டார். வேண்டுமென்றே நான் மறுபக்கம் பார்த்தேன்.

தீவில் கல்லெல்லாம் சிற்பம். யானை, குதிரை, மாலை சுமக்கிற குள்ளர்கள். டீச்சர் நிற்க வேண்டிய இடத்தில் நான் நின்றுகொண்டிருந்தேன்.

பள்ளிக்கூடம் திறந்த அன்றே ஹெட்மாஸ்டர் டீச்சரின் வகுப்பு வாசலில் போய் நின்றார். "அந்த விதி ஒங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

"தெரியும், சார்."

"ஒரு வார்த்த சொல்லியிருந்தா அடுத்த வருசம் ஒங்களையும் கூட்டிட்டுப் போயிருப்பேனே. இனி இந்தப் பள்ளிக்கூடத்துலேருந்து எங்கனயும் நீங்க போக முடியாது."

"எனக்கு அதப் பாக்கணும்னு ரொம்ப ஆச, சார். என் எடத்துல ஏறி உக்காந்து ஒங்க மச்சினன் பாக்கக் கூடாதுன்னு அதவிட ஆச."

ஹெட்மாஸ்டர் சொன்னதைச் செய்தார். டீச்சர் ஓய்வு பெறும்வரை எந்தச் சுற்றுலாவிலும் அவர் பெயர் வரவில்லை. கடைசி நாளில், அந்தத் தீவைப் பார்க்காமலே போகிறீர்களே, வருத்தமில்லையா என்று கேட்டேன்.

"இருக்கு," என்றார். பிறகு, "அவுக ரெண்டு பேரும் அதுக்கப்புறம் போய்ப் பாத்தாகளா?" என்று விசாரித்தார்.

இல்லை என்றேன்.

"அப்பச் சரி," என்று குடையை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.