மூன்று சென்ட் கலகம்

எங்கள் அப்பா மட்டாஞ்சேரியில் ஒரு கோவிலகத்துக்குத் துணி வெளுத்தவர். பழைய அரச வம்சத்தில் ஒரு கிளை அந்த மாளிகையில் இருந்தது. அதில் மூத்தவரைத் தம்புரான் என்போம். அவர் வேட்டிகளும் தெருமுனைக் கட்சி ஆபீசின் செங்கொடிகளும் எங்கள் முற்றத்தில் ஒரே கயிற்றில்தான் காய்ந்தன. கொடி சாயம் விடும் என்பதால் நடுவில் ஒரு முழம் இடம் விடுவார் அப்பா. அவருக்குத் தெரிந்த அரசியல் அவ்வளவுதான்.

எழுபதுகளின் தொடக்கம் அது. மன்னர் மானியத்தை டெல்லியில் நிறுத்திவிட்டார்கள் என்று ரேடியோவில் கேட்டு, அப்பா அன்று சாப்பிடவில்லை. தம்புரான் சாப்பிட்டிருப்பார் என்றாள் அம்மா.

நாங்கள் குடியிருந்தது கோவிலகத்துத் தோட்டத்தின் ஒரு மூலை. அப்பாவின் அப்பாவுக்கு வாய்வார்த்தையாகக் கொடுத்த இடம். கூரை போட்டது, கிணறு தோண்டியது எல்லாம் நாங்கள். காகிதம் மட்டும் கிடையாது. சொத்தைப் பங்கு போடப்போகிறார்கள், எங்கள் மூலை களமசேரியில் வேலை பார்க்கும் ஒரு மருமகனுக்குப் போகிறது, அவர் விற்கப் பார்க்கிறார் என்று செய்தி வந்தது. அதே சமயம் புதுச் சட்டமும் வந்திருந்தது. பிறர் மண்ணில் குடிசை போட்டிருப்பவன் கேட்டால், குடிசையோடு மூன்று சென்ட் அவனுக்கு. கேட்டால்தான்.

மனுவை நான்தான் எழுதினேன். எனக்குப் பத்தொன்பது வயது. வீட்டில் மலையாளம் எழுதத் தெரிந்த ஒரே ஆள்.

“வீடுன்னு எழுதாதேடி. குப்பைமாடம்னு எழுது. தம்புரான் முன்னால நம்மளோடதை வீடுன்னு சொல்லக்கூடாது” என்றார் அப்பா.

குப்பைக்கெல்லாம் பட்டா தரமாட்டார்கள் என்று கத்தினேன். வீடு என்றே எழுதினேன். அம்மா அவர் கட்டைவிரலைப் பிடித்து மையில் அமுக்கி வைத்தாள்.

நில ஆபீசில் நடந்த விசாரணைக்குத் தம்புரானே வந்தார், ஆட்டோவில். அவரைப் பார்த்ததும் அப்பா தோள் துண்டை உருவி இடுப்பில் கட்டி, வாயைப் பொத்திக்கொண்டு சுவரோரம் ஒடுங்கினார். அதிகாரி நாற்காலியைக் காட்டினார். அப்பா உட்காரவில்லை. தம்புரான் இருக்கும் அறையில் அவர் உட்கார்ந்ததே கிடையாது.

“அது யாரோட வீடு?” என்று அதிகாரி கேட்டார்.

“தம்புரானோடது.”

“உங்களுக்கு அதுல உரிமை இருக்கா?”

“அடியனுக்கு என்ன உரிமை? எல்லாம் அவர் தயவு.”

அதிகாரி பேனாவை மூடினார். “அப்பா!” என்று நான் போட்ட சத்தத்தில் வெளியே நின்ற பியூன் எட்டிப் பார்த்தார்.

தம்புரான் தொண்டையைச் செருமினார். “நம்ம காலம் வரைக்கும் அவன் அங்கேயே இருந்துக்கட்டும்.” நல்ல மனதோடுதான் சொன்னார். எண்பதைத் தாண்டியவர். அப்பா உருகிப்போய்க் கும்பிட்டார். அம்மா தலையில் அடித்துக்கொண்டாள்.

அதிகாரி மறுபடி பேனாவைத் திறந்தார். “அவர் காலத்துக்கு அப்புறம் போகச் சொன்னா போயிடுவீங்களா?”

“போவேன்.”

“எங்கே?”

அப்பா வாயிலிருந்து கையை எடுத்தார். அக்கரையில் வைப்பின் தீவிலும் எங்களுக்கு யாரும் இல்லை. தமிழ்நாட்டில் பூர்விகம் எந்த ஊர் என்பதே மறந்துபோயிருந்தது. அம்மாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு தம்புரானின் காலைப் பார்த்துக்கொண்டு, குனிந்தபடியே சொன்னார்.

“போக மாட்டேன் தம்புரானே. க்ஷமிக்கணும். போக மாட்டேன்.”

அதிகாரி அதை எழுதிக்கொண்டார், மன்னிப்பை மட்டும் விட்டுவிட்டு.

அந்த வாரம் தம்புரானின் வேட்டிகளுக்கு அப்பா இரண்டு முறை நீலம் போட்டார். கொண்டுபோய்க் கொடுத்தது நான்தான். முகத்தைக் காட்ட அவருக்கு வெட்கம்.

சில மாதம் கழித்துப் பட்டா வந்தது. வாசித்துக் காட்டினேன். இன்னொரு தடவை என்றார் அப்பா. மறுபடியும் என்றார். அம்மா அழுதாள். கோபக்காரி நானும் அழுதேன்.

“இதுல தம்புரானுக்கு ஒண்ணும் இல்லையா?” என்று கேட்டார்.

“இல்லப்பா. எல்லாம் நமக்குத்தான்.”

பட்டாவை வாங்கி மடித்தார்.

“பாவம் அந்த மனுஷன்” என்றார்.

தம்புரானை அப்பா மனுஷன் என்று சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.