கிடங்குக்குள் சிக்கிய வலை

பத்து வருசம் அந்தமானில் சுற்றுலா வருகிறவர்களைக் கடலுக்கடியில் கூட்டிப்போய்க் காட்டுவதுதான் என் வேலையாக இருந்தது. அம்மா படுத்த படுக்கையானதும் அருப்புக்கோட்டைக்குத் திரும்பி வந்தேன். வீட்டில் எல்லாருக்கும் நெசவுத் தொழில். அண்ணன் கொடுக்கும் சேலைக் கட்டுகளை டிவிஎஸ்ஸில் வைத்துக் கடை கடையாகப் போட்டுவிட்டு வருவேன். அந்தமானிலிருந்து கொண்டுவந்த ஒற்றைக் காற்றுச் சிலிண்டரும் முகமூடியும் கட்டிலுக்கடியில் கிடந்தன. எங்கள் வீட்டுப் பேச்சான தெலுங்கில் திட்டு விழும், இந்த வறண்ட காட்டில் இதை வைத்துக்கொண்டு என்ன செய்யப்போகிறாய் என்று.

கிடங்கை எனக்குக் காட்டியவன் பந்தல்குடியில் ரோட்டோரமாக மீன் கடை போட்டிருந்தவன். ஊருக்குக் கிழக்கே காட்டுக்குள் கல் வெட்டி எடுத்துவிட்டு அப்படியே விட்டுப்போன பெரிய பள்ளம் அது. ஊற்றும் மழையும் சேர்ந்து நிரம்பி, கோடையிலும் வற்றாது. அதைக் குத்தகைக்கு எடுத்து கட்லா, ரோகு குஞ்சுகளை விட்டு வளர்த்தான். ஞாயிற்றுக்கிழமை அவன் மீன் பிடித்து வர, அவன் மனைவி கடையில் அறுத்து விற்பாள். பிள்ளை இல்லாத வீடு. இருவரும் எந்நேரமும் சேர்ந்தேதான் இருப்பார்கள்.

முதல் தடவை நான் சிலிண்டரோடு இறங்கியபோது அவன் மேலே பாறையில் குத்தவைத்து உட்கார்ந்திருந்தான். நான் வெளியே வந்து முகமூடியைக் கழற்றுவதற்குள் கேட்டான்.

"ஏலே, என் மீனெல்லாம் நல்லாருக்கா?"

அதிலிருந்து அதுவே எங்கள் பேச்சானது. நான் உள்ளே பார்த்ததைச் சொல்வேன், அவன் கேட்டுக்கொள்வான். நல்ல தண்ணீரில் உடம்பு கடலில் மிதக்கிற மாதிரி மிதக்காது. அமிழ்வதற்காக இடுப்பில் கட்டும் ஈயக்கட்டியில் பாதியைக் கழற்றி வைத்துவிட்டு இறங்குவேன். மேலே இரண்டாள் உயரத்துக்குத் தண்ணீர் வெதுவெதுப்பாகப் பச்சையாக இருக்கும். அந்த வெளிச்சத்தில் கட்லா கூட்டமாக, பெரிய பெரிய தலையோடு, வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டு போகும். ஓரத்துப் பாறைத் திட்டில் ஜிலேபி மீன்கள் வட்டம் வட்டமாகக் குழி பறித்து வைத்திருக்கும். அந்தக் குழிப்பக்கம் கையை நீட்டினால் உள்ளங்கை அகலம்கூட இல்லாத மீன் வந்து முட்டும். இன்னும் கீழே போனால், ஒரு கோடு போட்ட மாதிரி தண்ணீர் சட்டென்று குளிர்ந்துவிடும். அதற்கப்புறம் இருட்டு. அடியில் வெள்ளைப் பாறைப்பொடி. கால் பட்டால் பால் கலந்த மாதிரி கிளம்பும், நம் கை நமக்குத் தெரியாது. அங்கே மீன் அநேகமாக இருக்காது.

ஒருநாள் கோரைக்கு நடுவில் விரால் ஒன்று, செக்கச்செவேலென்று பந்தாகத் திரண்டு நிற்கும் குஞ்சுகளைக் காத்துக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். நான் கிட்டப் போனதும் என் முகமூடிக் கண்ணாடியிலேயே வந்து இடித்தது. அதைச் சொன்னபோது அவன் சிரித்த சிரிப்பு இன்னும் நினைவிருக்கிறது.

"ஏலே, அது என் பொண்டாட்டி மாதிரிலே. கிட்டப் போனா கடிச்சிரும்."

கொஞ்சம் தள்ளி நின்று வலையை உதறிக்கொண்டிருந்த அவள், கையில் இருந்த ஈரக்கயிற்றை அவன் மேல் எறிந்தாள்.

கிடங்கின் ஒரு மூலையில், கல் வெட்டியவர்கள் விட்டுப்போன இரும்புக் கயிறும் கம்பிகளும் தண்ணீருக்குள் குவிந்து கிடந்தன. வலை அதில் அடிக்கடி சிக்கும். நான் இறங்கி எடுத்துக் கொடுப்பேன். அவனும் நல்ல நீச்சல்காரன்தான். ஆனாலும் அந்த மூலைக்கு மட்டும் மூச்சடக்கிப் போகாதே என்று சொல்லியிருந்தேன். சரி சரி என்பான்.

சிலிண்டரில் காற்று அடைக்க தூத்துக்குடிக்குத்தான் போகவேண்டும். அங்கே சங்கு எடுக்கிறவர்களுக்காகக் காற்றடிக்கும் எந்திரம் வைத்திருந்த ஒருவரைத் தெரிந்து வைத்திருந்தேன். அந்தச் சனிக்கிழமையும் சிலிண்டரைச் சாக்கில் சுற்றி பஸ்ஸில் எடுத்துக்கொண்டு போயிருந்தேன். காலையிலேயே அவன் போன் செய்தான்.

"வலை மாட்டிக்கிச்சுலே. நாளைக்கு ஒரு வீட்டு விசேசத்துக்கு மீனு கேட்டிருக்காக."

"சாயங்காலம் வந்துருவேன். நீ தொடாத."

"சரிலே, வா."

திரும்பி வரும்போது எட்டயபுரம் பஸ் ஸ்டாண்டில் வண்டி நின்றது. மறுபடி போன். அவன் நம்பர்தான், ஆனால் பேசியது அவள்.

"அண்ணே, எங்கண்ணே வாரீக? இவுக உள்ள போனாக. இன்னும் வரலண்ணே."

எப்போது போனான் என்று கேட்டேன். மதியம் என்றாள். வெகுநேரம் ஆளைக் காணாமல் தேடி வந்தவளுக்கு, கரையில் அவன் சட்டையும் போனும்தான் கிடைத்தனவாம். மணி நாலாகியிருந்தது. பஸ்ஸுக்குள் எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் சத்தம் போட்டிருப்பேன் போல. அவளிடம் என்ன சொன்னேன் என்று எனக்கு ஞாபகம் இல்லை. வந்துக்கிட்டே இருக்கேன் என்பதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்லியிருப்பேன். மடியில் காற்று நிறைந்த சிலிண்டர் கனத்தது. இனி அவசரம் ஒன்றும் இல்லை என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் டிரைவர் டீ குடித்துவிட்டு நிதானமாக ஏறியதைப் பொறுக்க முடியவில்லை.

கிடங்கைச் சுற்றி ஊர் கூடியிருந்தது. தீயணைப்பு வண்டி வந்திருந்தது. அவர்கள் கயிற்றில் கொக்கி கட்டி வீசி இழுத்துக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொரு தடவையும் கொக்கி வலையில் மாட்டி நின்றுவிட்டது. நான் யார் என்று சொன்னதும் அவர்களில் பெரியவர் என் தோளைத் தொட்டு, "பாத்து இறங்குங்க தம்பி, உங்களையும் தேட விட்டுறாதீங்க" என்றார். என் இடுப்பில் அவர்களே ஒரு கயிறு கட்டினார்கள். அவள் பாறை விளிம்பில், அவனுடைய சட்டையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அழவில்லை. நான் இறங்குவதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வலை தண்ணீருக்குள் சுவர் மாதிரி நின்றது. அதைப் பிடித்துக்கொண்டே கீழே போனேன். கண்ணியில் கட்லாக்கள் செவுள் மாட்டித் தொங்கின, சிலது உயிரோடு. இன்னும் கொஞ்சம் கீழே ஒரு பெரிய விரால் செத்துக் கிடந்தது. விரால், தண்ணீருக்கு மேலே வந்து காற்றைக் குடித்தால்தான் பிழைக்கும். வலையில் மாட்டினால் தண்ணீருக்குள்ளேயே மூச்சுமுட்டிச் சாகிற மீன் அது. அதைத் தாண்டி, தண்ணீர் குளிர ஆரம்பிக்கும் இடத்துக்குச் சற்று மேலே, அவன் இருந்தான்.

கணுக்காலில் வலை இரண்டு சுற்றுச் சுற்றியிருந்தது. பக்கத்தில் சில கண்ணிகள் அறுபட்டிருந்தன. கத்தி கையில் இல்லை, கீழே விழுந்திருக்க வேண்டும். வலையை அறுத்து விடுவித்துவிடலாம் என்றுதான் போயிருக்கிறான். கண் திறந்திருந்தது. நான் அவன் முகத்தைப் பார்க்காமல் காலை மட்டும் பார்த்து வேலை செய்தேன். என் குமிழிச் சத்தத்துக்குச் சின்ன ஜிலேபிகள் வழக்கம்போல வந்து என் கையைக் கொத்தின. அவனிடம் ஒன்றுகூடப் போகவில்லை. வலை அறுந்ததும் அவன் உடம்பு மெல்லத் திரும்பி என் மேல் சாய்ந்தது. அவனை ஒரு கையால் அணைத்துக்கொண்டு, மறு கையால் கயிற்றை இழுத்துச் சைகை கொடுத்தேன்.

மேலே கொண்டுவந்து படுக்கவைத்த பிறகுதான் அவள் எழுந்து வந்தாள். அவன் உடம்பு முழுக்கக் கையால் தடவிப் பார்த்தாள். காது, மூக்கு, விரல் நுனி என்று ஒவ்வொன்றாக.

"அண்ணே, மீனு எதுவும் கடிக்கலையே?"

"இல்லம்மா. ஒண்ணும் தொடல."

"அது போதும்ணே" என்றாள். பிறகுதான் அவளுக்கு அழுகை வந்தது.

ஆனால் ஊர் அதை நம்பவில்லை. காரியம் முடிந்து கடையைத் திறந்தபோது ஒருத்தரும் வரவில்லை. பொணம் தின்ன மீன் என்று பேச்சுக் கிளம்பிவிட்டது. விசாரித்தவர்களிடமெல்லாம் நான் சொன்னேன், சில மணி நேரம்தான் உள்ளே கிடந்தான், உடம்பில் ஒரு கீறல் இல்லை, ஆஸ்பத்திரியிலும் பார்த்தாகிவிட்டது என்று. தலையாட்டிக் கேட்டுக்கொண்டு பக்கத்துக் கறிக்கடைக்குப் போனார்கள். அவளுக்கு வேறு பிழைப்பு இல்லை. வளர்ந்த மீன் அத்தனையும் கிடங்குக்குள் இருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் கடைக்கு முன்னால் அடுப்பைப் பற்றவைத்தாள். கிடங்கில் பிடித்த ரோகுவைத் துண்டு போட்டு, மசாலா தடவி, சட்டியில் பொரித்தாள். பஸ்ஸுக்கு நின்றவர்கள், கறி வாங்க வந்தவர்கள், லோடு லாரிக்காரர்கள் எல்லாரும் பார்க்க, ஒரு துண்டை எடுத்து ஊதி ஊதித் தின்றாள். எல்லாரையும் பார்த்துக்கொண்டே மென்றாள்.

கூட்டத்தில் ஒரு பொம்பளை சொன்னாள், "புருசன முழுங்கின தண்ணில புடிச்ச மீன எப்பிடி இவளுக்கு எறங்குது?"

அவள் கை நின்றுவிட்டது. வாயில் இருந்ததை விழுங்கவும் முடியாமல், துப்பினால் ஊர் சொன்னது உண்மையாகிவிடும் என்று துப்பவும் முடியாமல் நின்றாள். நான் போய்ச் சட்டியிலிருந்து ஒரு துண்டை எடுத்துத் தின்றேன். முள்ளைக்கூடப் பார்க்கவில்லை. வேறு யாரும் முன்னால் வரவில்லை. அவள் மெதுவாக விழுங்கிவிட்டு அடுப்பில் தண்ணீரை ஊற்றினாள்.

கடைசியில் கேரளாவுக்கு மீன் அனுப்பும் வியாபாரி ஒருவர் வேன் கொண்டுவந்தார். எங்கிருந்து வரும் மீன் என்று அங்கே யாரும் கேட்கமாட்டார்கள். அதற்கு முதல் நாள் நான் இறங்கி, கம்பியில் மாட்டிக் கிடந்த பழைய வலையின் மிச்சத்தை அறுத்து எடுத்தேன். புது வலை போட்டு அள்ளினார்கள். ஐஸ் பெட்டிகளில் கட்லாவும் ரோகுவும் துள்ளத் துள்ள விழுந்தன. அவள் மில் வேலைக்குச் சொல்லி வைத்திருந்தாள். அடுத்த வாரமே சேரச் சொல்லியிருந்தார்கள்.

வேன் புறப்படத் தயாரானபோது அவள் என் முகமூடியைக் காட்டிக் கேட்டாள்.

"அண்ணே, இத நான் போட்டுப் பாக்கலாமா?"

பட்டையைச் சரிசெய்து மாட்டிவிட்டேன். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, ஆழமில்லாத திட்டில் இடுப்பளவு தண்ணீரில் நின்றாள். நான் கையைப் பிடித்துக்கொண்டேன். மூச்சை இழுத்துக் குனிந்து முகத்தைத் தண்ணீருக்குள் வைத்தாள். எழுந்து மூச்சு வாங்கிவிட்டு மறுபடி குனிந்தாள். என் கையை இறுக்கிப் பிடித்திருந்தாள், நகம் பதிந்தது.

நிமிர்ந்து முகமூடியைக் கழற்றினாள்.

"ஒண்ணுமே தெரியலண்ணே. பச்சையா இருக்கு. அவ்வளவுதான்."

"மூலை இங்கருந்து தெரியாதும்மா."

"அவுகளுக்கு இந்தப் பச்சையாச்சும் தெரிஞ்சிருக்குமா?"

நான் முகமூடியை வாங்கிக்கொண்டேன். அவன் கண் திறந்திருந்ததை அவளும் பார்த்தவள்தான். அவள் கரையேறிச் சேலையைப் பிழிந்துவிட்டு, காலியான கூடைகளை ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்க ஆரம்பித்தாள்.