பிஸ்கட்டுக்கு நடுவே ஒரு மஞ்சள் கோடு

கண்ணாடிக் கடையில் அவளை எல்லோரும் பவரக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். கடைக்குப் பின்னால் இருந்த சின்ன அறையில் மூக்குக் கண்ணாடிக்கான லென்ஸ்களை அளவு பார்த்து, ஃபிரேமுக்குத் தகுந்தபடி ஓரம் தேய்த்துக் கொடுப்பது அவள் வேலை. பத்தொன்பது வருஷமாக அதே நாற்காலி, அதே மிஷின். ஒரு லென்ஸைக் கையில் வாங்கி வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாலே பவர் என்ன என்று சொல்லிவிடுவாள். அப்புறம் மிஷினில் வைத்துப் பார்த்தால் அதுவே வரும்.

அப்படிப்பட்டவள் சமையலில் மட்டும் சோம்பேறி. வாரம் முழுக்க அளந்து அளந்து அலுத்துப் போவதால், வீட்டில் குழம்புக்கு உப்புக்கூட கண்ணால் பார்த்துத்தான் போடுவாள். அவள் ஆசையாகச் செய்தது ஒன்றே ஒன்று, ஞாயிற்றுக்கிழமை மூன்றடுக்கு என்ற இனிப்பு. பிஸ்கட்டைப் பொடித்து, உருக்கிய வெண்ணெயில் பிசைந்து, ட்ரேயில் கொட்டி டம்ளரின் அடிப்பக்கத்தால் அழுத்தி ஓவனில் பத்து நிமிஷம். அதன் மேல் கண்டென்ஸ்டு மில்க்கும் வெல்லமும் சேர்த்துக் கிண்டிய பழுப்புப் பாகு. அது ஆறியதும் உருக்கிய சாக்லேட். ஃபிரிட்ஜில் இறுகிய பிறகு, வெந்நீரில் நனைத்த கத்தியால் துண்டு போட வேண்டியதுதான். "இதுல கெட்டுப் போறதுக்கு என்ன இருக்கு? தூங்கிட்டே செய்யலாம்" என்று அவளே சொல்வாள்.

அவள் கணவன் லிஃப்ட் மெக்கானிக். இரண்டு பேரும் பள்ளிக்கூடத்தில் ஒரே வகுப்பு. அதனால் கல்யாணத்துக்குப் பிறகும் நீ, வா, போ என்றுதான் பேச்சு. பிள்ளைகள் இல்லை. அவன் தங்கை கீழ்வீட்டில் குடியிருந்தாள். வாய் ஓயாத பேச்சு, நல்ல மனசு. திங்கட்கிழமை காலை மூன்றடுக்கு டப்பாவை ஆபீசுக்கு எடுத்துக்கொண்டு போகிறவள் அந்த நாத்தனார்தான். பதினோரு மணிக்குள் டப்பா காலியாகிவிடும்.

ஒரு திங்கட்கிழமை சாயங்காலம் காலி டப்பாவோடு மேலே வந்தாள்.

"அண்ணி, இந்தத் தடவை கலக்கிட்டீங்க. அந்தப் புளிப்பு என்ன புளிப்பு? எங்க மேனேஜர் நாலு துண்டு தின்னுட்டாரு."

"எந்தப் புளிப்பு?"

"பிஸ்கட்டுக்கு நடுவுல மஞ்சளா போட்டிருந்தீங்களே, அதுதான்."

அவள் ஒன்றும் போடவில்லை. ஃபிரிட்ஜில் மீதி இருந்த இரண்டு துண்டில் ஒன்றை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். மேலே சாக்லேட், அடுத்தது பாகு, அதற்கும் கீழே பிஸ்கட். அந்தப் பிஸ்கட்டின் சரிபாதியில் ஒரு மஞ்சள் கோடு. ஒரு மில்லிமீட்டர் இருக்கும். இந்த முனையிலிருந்து அந்த முனைவரை ஒரே கனம். நாக்கில் வைத்தாள். எலுமிச்சைத் தோலும் பாலும்.

கணவனைக் கேட்டாள். அவன் சமையலறைக்கே வரவில்லை என்றான். நாத்தனாரின் விளையாட்டு என்று நினைத்துச் சிரித்துவிட்டு விட்டுவிட்டாள். ஆனால் பாத்திரக் கூடையில் துருவியைக் கழுவிக் கவிழ்த்து வைத்திருந்ததைப் பார்த்தபோது சிரிப்பு நின்றது. துருவியை அவள் மாசக்கணக்கில் எடுக்கவில்லை. பாத்திரத்தை உடனே கழுவி வைக்கும் பழக்கமும் அந்த வீட்டில் யாருக்கும் கிடையாது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கணவன் நண்பனைப் பார்க்கப் போயிருந்தான். நாத்தனார் வெளியூர். அவள் வாசல் கதவைத் தாழ் போட்டாள். சமையலறைக் கதவையும் சாத்தி, ஒரு நாற்காலியை இழுத்து முட்டுக் கொடுத்து வைத்தாள். சரியாக மூன்று மணிக்கு பிஸ்கட்டைப் பொடிக்க ஆரம்பித்தாள். வெயில் மேடைமேல் விழுந்திருந்தது. தெருவில் யாரோ மோட்டார் சைக்கிளைக் கழுவிக்கொண்டிருந்தார்கள். வெண்ணெயை ஊற்றிப் பிசைந்தாள். ட்ரேயை ஓவனில் வைத்தாள். எல்லாம் சரி. நிம்மதியாகக் கையைத் துடைத்துக்கொண்டு கடிகாரத்தைப் பார்த்தாள்.

மூன்று இருபது.

பத்து நிமிஷ வேலை. மிச்சப் பத்து நிமிஷம் எங்கே போனது? நாற்காலி வைத்த இடத்திலேயே இருந்தது. மோட்டார் சைக்கிள் கழுவுகிற சத்தம் நின்றுபோயிருந்தது. எப்போது நின்றது என்று தெரியவில்லை. முகத்தைத் துடைக்கக் கையைத் தூக்கினாள். விரலில் எலுமிச்சை மணத்தது.

துண்டு போடும்வரை காத்திருக்க அவளால் முடியவில்லை. ஓவனிலிருந்து ட்ரேயை எடுத்துச் சூட்டோடு கத்தியை இறக்கினாள். நடுவில் மஞ்சள் கோடு. துருவி கூடையில் கவிழ்ந்திருந்தது. அதன் நுனியிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

அன்று அதற்குமேல் அவள் சமையலறையில் நிற்கவில்லை. கணவன் வரும்வரை மாடிப்படியில் உட்கார்ந்திருந்தாள்.

ஊரிலிருந்து திரும்பிய நாத்தனார் விஷயத்தைக் கேட்டதும் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "அண்ணி, இந்த வீட்டுல முன்னாடி ஒரு அம்மா இருந்தாங்களே, நல்லா சமைப்பாங்கன்னு சொல்லுவாங்க..."

"அந்த அம்மா போன வாரம் எங்க கடைக்கு வந்து கண்ணாடி மாத்திட்டுப் போனாங்க" என்றாள் பவரக்கா. "உயிரோட இருக்கறவங்க எப்படி ஆவியா வருவாங்க?"

"அதுவும் சரிதான்" என்று ஒப்புக்கொண்ட நாத்தனார், அன்றிலிருந்து மேல்வீட்டுக்குத் தனியாக ஏறி வருவதை நிறுத்திவிட்டாள்.

கணவன் ஆவி கீவியெல்லாம் நம்புகிறவன் இல்லை. லிஃப்ட் தானாக மாடி ஏறுகிறது என்று ஜனங்கள் பயந்தால், எங்கே ஒயர் உரசுகிறது என்று பார்க்கிற ஆள். "பிடிச்சுடலாம்" என்றான். அடுத்த ஞாயிற்றுக்கிழமை தன் செல்போனை அலமாரியில் டப்பாக்களுக்கு நடுவே சாய்த்து வைத்து, வீடியோவை ஓடவிட்டுவிட்டு அடுத்த அறையில் உட்கார்ந்துகொண்டான்.

காபி குடித்துக்கொண்டே இரண்டு பேரும் அதைப் பார்த்தார்கள்.

பிஸ்கட்டைப் பொடிக்கிறாள். வெண்ணெய் ஊற்றுகிறாள். பிசைகிற கை மெல்ல நிற்கிறது. யாரோ கூப்பிட்ட மாதிரி தலை இடப்பக்கம் திரும்புகிறது. வாயில் ஒன்றும் இல்லை, ஆனால் உதடுகள் மெல்லுகின்றன. பிறகு அவள் நிதானமாக நடந்து போய்க் கூடையிலிருந்து ஒரு எலுமிச்சையை எடுக்கிறாள். துருவியை எடுக்கிறாள். இடது கையால் துருவுகிறாள். பிறந்ததிலிருந்து வலக்கைக்காரி அவள். ஒவ்வொரு இழுப்புக்கும் பழத்தைக் கொஞ்சம் திருப்பி, மேல் தோலை மட்டும் எடுக்கிறாள். பாலில் குழைக்கிறாள். பொடியில் பாதியை ட்ரேயில் அழுத்தி, மஞ்சளைப் பூசி, மீதிப் பொடியை மேலே பரப்பி மூடுகிறாள். ஒரு பொட்டுகூடச் சிந்தவில்லை. துருவியைக் கழுவப் போகும்போது நின்று, சுவர்ப்பக்கம் பார்த்து, "கொஞ்சம் தள்ளிக்கங்க" என்கிறாள். சொல்லிவிட்டு, தள்ளி நின்றவருக்குப் பக்கவாட்டில் போவதுபோல் உடம்பைச் சாய்த்துப் போகிறாள்.

ஒன்பது நிமிஷம். ட்ரேயை ஓவனில் வைத்த பிறகு கண்ணைச் சிமிட்டுகிறாள். கையைத் துடைத்துக்கொண்டு பாட்டு முணுமுணுக்க ஆரம்பிக்கிறாள்.

காபி ஆறிப்போயிருந்தது.

"நீதான் செய்யற" என்றான் கணவன்.

"நான் இல்ல" என்றாள் அவள். சொன்ன பிறகு, அந்தப் பதில் எவ்வளவு அபத்தம் என்பதும் அவளுக்குத் தெரிந்தது. ஆனாலும் வேறு எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை.

மறுநாள் கடைக்குப் போனதும் அவளுக்கு வேறொரு பயம் பிடித்துக்கொண்டது. வீட்டில் இப்படியென்றால் இங்கே? சுழலும் கல்லுக்குப் பக்கத்தில் விரலை வைத்து வேலை செய்கிறவள். எத்தனை பேருக்குத் தப்பான கண்ணாடி போயிருக்கும்? ஆறு மாதத்து வேலைச் சீட்டுகளை எடுத்து ஒவ்வொன்றாகப் புரட்டினாள். முந்நூற்றுச் சொச்சம் சீட்டில் மூன்றில் மட்டும் எழுத்து இடப்பக்கம் சாய்ந்திருந்தது. அவள் எழுத்தே இல்லை. அந்த மூன்று லென்ஸின் அளவையும் திரும்பக் கணக்குப் போட்டுப் பார்த்தாள். மூன்றும் சரி. ஒன்றில் டாக்டர் எழுதிய சீட்டிலேயே ஒரு பிழை இருந்திருக்கிறது. அதைத் திருத்தி, பக்கத்தில் காரணமும் எழுதி வைத்திருந்தது அந்தச் சாய்ந்த எழுத்து.

தப்பு இருந்திருந்தால்கூட அவ்வளவு பயந்திருக்க மாட்டாள். அன்றே லீவு சொல்லிவிட்டுக் கணவனோடு ஆஸ்பத்திரிக்குப் போனாள்.

நரம்பு டாக்டரம்மாவுக்கு அன்று சளி. மூக்கை உறிஞ்சிக்கொண்டே வீடியோவை இரண்டு தடவை பார்த்தார். தலையில் ஒயர்களை ஒட்டிப் பரிசோதனை எடுத்தார்கள். காகிதத்தில் ஓடிய கோடுகளில் ஒரு இடத்தைப் பேனாவால் தொட்டுக் காட்டினார்.

"இது ஒருவிதமான வலிப்பு. வலிப்புன்னா கைகால் இழுத்துக் கீழ விழணும்னு இல்ல. மூளையில ஓரமா ஒரு சின்ன இடத்துல மட்டும் கரண்ட் தாறுமாறா ஓடும். அந்த நேரம் ஞாபகத்துல நிக்காது. வர்றதுக்கு முன்னாடி ஏதாவது வாசனை வருதா?"

அவள் யோசித்தாள். "கண்ணாடி தேய்க்கிற வாசனை வரும் டாக்டர். கடையில எப்பவும் அந்த வாசனைதான். அதனால கவனிச்சதே இல்ல." ஒரு கணம் நிறுத்தி, "ஆனா வீட்டுல ஏது கண்ணாடி?" என்றாள்.

"அதுதான் அறிகுறி."

"அப்ப இந்த எலுமிச்சை, எழுத்தெல்லாம்?" என்று கேட்டான் கணவன்.

டாக்டரம்மா கைக்குட்டையை மடித்து வைத்தார். "வழக்கமா உதட்டை மெல்லுவாங்க, சட்டை பட்டனைத் திருகுவாங்க. ஒரு நிமிஷம், ரெண்டு நிமிஷம். இத்தனை சுத்தமா ஒரு வேலையை முடிக்கறதை நான் பார்த்ததில்ல. பொய் சொல்லி என்ன ஆகப் போகுது? எனக்குத் தெரியல. ஆனா மாத்திரை கேக்கும்."

மாத்திரை கேட்டது. முதலில் அளவு சரிப்பட இரண்டு மாதம் ஆனது. நாக்கு கொஞ்சம் தடித்த மாதிரி இருந்தது, பெயர்கள் மறந்தன. மிஷின் பக்கம் போகக்கூடாது என்று டாக்டரம்மா சொல்லிவிட்டதால், கடைக்காரர் அவளை முன்பக்கம் உட்காரவைத்தார். யார் முகத்துக்கு எந்த ஃபிரேம் எடுப்பாக இருக்கும் என்று சொல்லும் வேலை. அதிலும் அவள் கெட்டிக்காரியாகிவிட்டாள். மஞ்சள் கோடு அதற்குப் பிறகு வரவில்லை.

ஆபீசில் அதை விடவில்லை. "மேனேஜர் கேட்டுக்கிட்டே இருக்காரு அண்ணி. ஒரே ஒரு தடவை" என்று நாத்தனார் கெஞ்சினாள். பவரக்காவும் வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பார்த்துச் செய்துபார்த்தாள். தோலோடு வெள்ளைப் பகுதியும் சேர்ந்து கசந்தது. இடது கையால் துருவிப் பார்த்தாள். விரல் முட்டி உரிந்து ரத்தம் வந்ததுதான் மிச்சம். மூன்று தடவைக்குப் பிறகு கைவிட்டாள். போனிலிருந்து அந்த வீடியோவை அழிக்கச் சொன்னாள். அவன் அழித்தான்.

ஒரு வருஷம் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், அவள் பாகு கிண்டிக்கொண்டிருக்கும்போது கணவன் மெல்ல ஆரம்பித்தான்.

"உன்கிட்ட ஒண்ணு சொல்லல. மாத்திரை ஆரம்பிச்ச புதுசுல பஸ் ஸ்டாப்ல நின்னுட்டிருந்தோம். அப்ப உனக்கு ஒரு தடவை வந்துச்சு."

"அப்படியா?"

"ஒரு நிமிஷம்தான். என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரிச்ச. தெரியாதவங்களைப் பார்த்து மரியாதைக்குச் சிரிப்பாங்களே, அந்த மாதிரி. 'நீங்க எந்தப் பஸ்ஸுக்கு நிக்கறீங்க'ன்னு கேட்ட."

அவள் கரண்டியை நிறுத்தினாள். முப்பத்தைந்து வருஷத்தில் அவனை ஒரு தடவைகூட அவள் நீங்க என்று கூப்பிட்டதில்லை.

"நீ என்ன சொன்ன?"

"'நீங்க எங்க போகணும்'னு கேட்டேன். 'வீட்டுக்குத்தான் போகணும். ஆனா அங்க வேற ஒருத்தி இருக்கா'ன்னு சொன்ன."

பாகு அடிப்பிடிக்கும்போல் இருந்தது. அவள் அடுப்பை அணைத்தாள்.

"கோவமா சொன்னாளா?"

"இல்ல. வருத்தமாவும் இல்ல. விலாசம் சொல்ற மாதிரி சொன்னா."

'சொன்ன' என்பதை விட்டு 'சொன்னா' என்று தானும் அவளை வேறொருத்தியாக்கிவிட்டதை அவன் கவனிக்கவில்லை. அவள் கவனித்தாள். திருத்தவில்லை.

"அப்புறம் பஸ் வந்துச்சா?"

"வந்துச்சு. அதுக்குள்ள நீ வந்துட்ட."

அவள் தலையாட்டினாள். பிறகு, இன்னும் ட்ரேயில் கொட்டாமல் பிசைந்து வைத்திருந்த பொடிக் கிண்ணத்தை அவன் பக்கம் நகர்த்தி டம்ளரைக் கையில் கொடுத்தாள். "இன்னைக்கு நீ அழுத்து" என்று சொல்லிவிட்டு ஜன்னலோரம் போய் உட்கார்ந்துகொண்டாள். அவன் அழுத்தினது ஒரு பக்கம் மேடு, ஒரு பக்கம் பள்ளம். மறுநாள் ஆபீசில் எல்லோரும் மேட்டுப்பக்கத் துண்டுக்குச் சண்டை போட்டதாக நாத்தனார் வந்து சொன்னாள்.